மூச்சுவழியும் பகிர்ந்த பொறுப்பும்: இந்திய மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் வழி ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நோயாளியின் மூச்சுவழியை மயக்கவியல் மருத்துவர், அறுவை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், குழந்தை மருத்துவர் எனப் பலர் ஒருசேரவோ அடுத்தடுத்தோ கையாளுகின்றனர். அங்குத் தீங்கு நேரும்போது பொறுப்பு யாரைச் சாரும் என்னும் வினாவை, இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதன்மையான தீர்ப்புகள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. குற்றவியல் சட்டம் தனியொருவரின் கவனக்குறைவு எந்த அளவினது என்று கேட்டது. நுகர்வோர் சட்டம் மருத்துவமனையைப் பொறுப்பாக்கியது. மருத்துவர்களுக்குள் பணி எவ்வாறு பகிரப்பட்டிருந்தது, எப்போது கைமாறியது என்பது இவ்விரண்டுக்கும் இடையில் விடப்பட்டது. எரியோடு போன்ற சிற்றூர்களிலிருந்து சிகிச்சைக்குச் செல்வோருக்கு இந்த இடைவெளி எத்தகைய விளைவை உண்டாக்குகிறது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மூச்சுவழி, மயக்கவியல், மருத்துவக் கவனக்குறைவு, பகிர்ந்த பொறுப்பு, நுகர்வோர் சட்டம், எரியோடு

முன்னுரை

திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர் வட்டத்தில் அமைந்த பேரூராட்சி எரியோடு. இவ்வூரில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ, விபத்தில் முகத்திலும் தாடையிலும் காயம் பட்டாலோ, அவர் ஒரே மருத்துவரின் பார்வையில் குணமடைவது அரிது. 2008ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் இயங்கும் 108 அவசர ஊர்தியின் பணியாளர், வேடசந்தூரிலோ திண்டுக்கல்லிலோ உள்ள பணிமருத்துவர், அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், தேவைப்பட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர் என அவருடைய மூச்சுவழி பல கைகளைக் கடக்கிறது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்ட பிறகு இத்தொடரின் நீளம் சற்றுக் குறைந்திருக்கலாம். தொடர் என்னும் இயல்பு மாறவில்லை.

மூச்சு தடைப்பட்ட சில நிமிடங்களிலேயே மூளை மீளாச் சேதம் அடையத் தொடங்குகிறது. ஆகவே பிற சிகிச்சைகளில் பொறுத்துக்கொள்ளக்கூடிய தயக்கமும், 'அவர் பார்த்துக்கொள்வார்' என்னும் எண்ணமும் மூச்சுவழியில் உயிரிழப்பாகவே முடியக்கூடும். அவ்வாறு முடியும்போது சட்டம் யாரை நோக்கி வினவுகிறது என்பதே இக்கட்டுரையின் மையப் பொருள்.

மூச்சைக் கவனிப்பவர் யார்: 19ஆம் நூற்றாண்டுப் பின்னணி

மயக்க மருந்து அறிமுகமான 1840களில் மயக்கம் தருவதற்கெனத் தனித் துறை இல்லை. அறுவை செய்பவரின் உதவியாளரே துணியில் குளோரோஃபார்மை ஊற்றி நோயாளியின் முகத்தருகே பிடித்தார். குளோரோஃபார்மால் நேர்ந்த மரணங்கள் ஒரு விவாதத்தை எழுப்பின. முதலில் நிற்பது இதயமா, மூச்சா? இவ்வினாவுக்கு விடைகாண இந்திய மண்ணிலேயே இரண்டு ஆய்வுக்குழுக்கள் அமைந்தன. ஐதராபாத் நிசாமின் ஆதரவில், அறுவை மருத்துவர் எட்வர்டு லாரி முன்னின்று 1888இலும் 1889இலும் நடத்திய குளோரோஃபார்ம் ஆய்வுகள், மூச்சே முதலில் நிற்கிறது என்றும், மயக்கம் கொடுப்பவர் நாடியை அன்றி மூச்சையே கவனிக்க வேண்டும் என்றும் முடிவுரைத்தன.

இம்முடிவு முழுமையானதன்று. குளோரோஃபார்ம் இதயத் துடிப்பையே நேரடியாகக் குலைக்கக்கூடும் என்பதை இங்கிலாந்தின் குட்மன் லெவி 1911இல் நிறுவினார். ஆயினும் ஐதராபாத் ஆய்வுகள் வரலாற்று முதன்மை உடையவை. அறுவை நடக்கும்போது ஒருவர் மூச்சை மட்டுமே கவனித்திருக்க வேண்டும் என்னும் பணிப்பிரிவினை அவற்றில் தெளிவாகச் சொல்லப்பட்டது. மயக்கவியல் தனித் துறையாக வளர்ந்தபோது மூச்சுவழி அத்துறையின் களமாகவே கருதப்பட்டது.

மூக்கு, வாய், தொண்டை, தாடை ஆகிய இடங்களில் செய்யப்படும் அறுவைகளில் இப்பிரிவினை பொருந்துவதில்லை. அங்கு அறுவை மருத்துவரின் களமும் மயக்கவியல் மருத்துவரின் களமும் ஒன்றே. குழாயை இடுபவர் ஒருவர். அக்குழாய்க்கு அருகில் கத்தி வைப்பவர் மற்றொருவர். கசியும் குருதி ஒருவரின் செயலால் வருவது. அது நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பது மற்றவரின் ஏற்பாட்டைப் பொறுத்தது.

ஒற்றை மருத்துவர் காலம்

விடுதலைக்குப் பின் எழுந்த மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுள் முன்னோடியானது இலட்சுமண் பாலகிருஷ்ண ஜோஷி எதிர் திரியம்பக் பாபு காட்போலே வழக்கு. 1953இல் மராட்டியக் கடற்கரையில் விபத்துக்குள்ளாகித் தொடை எலும்பு முறிந்த இளைஞர் ஒருவர் புனேவுக்குக் கொண்டுவரப்பட்டார். உரிய மயக்கம் கொடுக்காமல் எலும்பை வலிந்து இழுத்துப் பொருத்தியதால் உண்டான அதிர்ச்சியே மரணத்துக்குக் காரணம் என்று கீழ் நீதிமன்றங்கள் முடிவுசெய்தன. 1968இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்து 3,000 ரூபாய் இழப்பீட்டை நிலைநிறுத்தியது.

நோயாளியை ஏற்பதா என்று முடிவுசெய்தல், என்ன சிகிச்சை தருவது என்று முடிவுசெய்தல், அச்சிகிச்சையைச் செய்தல் ஆகிய மூன்றிலும் மருத்துவருக்குக் கவனக் கடமை உண்டு என்று அத்தீர்ப்பு வகுத்தது. பின்வந்த தீர்ப்புகள் பலவும் இதனை மேற்கோளாகக் கொண்டன. எனினும் இம்மூன்று கடமைகளும் ஒரே மருத்துவர், ஒரே நோயாளி என்னும் உறவை மனத்திற்கொண்டு அமைந்தவை. ஏற்பவர் ஒருவர், முடிவுசெய்பவர் ஒருவர், செய்பவர் மற்றொருவர் என்று ஆகும்போது கடமை எவ்வாறு பிரியும் என்பது அவ்வழக்கில் எழவில்லை.

சென்னைத் தீர்ப்பும் நுகர்வோர் சட்டமும்

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவைக்குப் பொருந்துமா என்ற விவாதத்தில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. சி. எஸ். சுப்பிரமணியன் எதிர் குமாரசாமி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1994 பிப்ரவரியில், நோயறிதலும் சிகிச்சையும் அச்சட்டம் கூறும் 'சேவை' ஆகா என்று தீர்ப்பளித்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அதற்கு முன்னரே மாறான கருத்தைக் கொண்டிருந்தது. இம்முரண்பாட்டை, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கட்டணம் பெறும் மருத்துவச் சேவை சட்டத்துக்கு உட்பட்டதே. எல்லாருக்கும் முற்றிலும் கட்டணமின்றிச் சேவை தரும் இடங்கள் மட்டுமே விலக்குப் பெறும். சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என்று இயங்கும் மருத்துவமனைகளில் இலவச நோயாளியும் நுகர்வோரே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதனால் நிகழ்ந்த மாற்றம் பெரிது. உரிமையியல் நீதிமன்றத்தில் நீண்ட காலமும் நீதிமன்றக் கட்டணமும் செலவிட இயலாதவர்களுக்கு மாவட்ட அளவிலேயே மன்றம் கிடைத்தது. எரியோட்டைச் சேர்ந்தவர் திண்டுக்கல் மாவட்ட மன்றத்தை அணுகலாம் என்னும் நிலை சாந்தா தீர்ப்பாலேயே உறுதியானது. ஆனால் இம்மன்றங்களின் வினா 'சேவையில் குறைபாடு இருந்ததா' என்பதே. அக்குறைபாடு எந்தத் துறையின் கையில் நேர்ந்தது என்பது அதற்கு அடுத்த நிலை வினாவாகவே அமைந்தது.

மூக்கு அறுவையும் மூச்சுக்குழாயும்: 1994 முதல் 2005 வரை

பகிர்ந்த மூச்சுவழி என்னும் சிக்கலை இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் மிக நேரடியாகக் கொண்டுவந்தது சுரேஷ் குப்தா எதிர் தில்லி அரசு வழக்கு. 1994 ஏப்ரலில் தில்லியில் மூக்கின் அமைப்பைச் சீர்செய்யும் அறுவையின்போது நோயாளி ஒருவர் இறந்தார். மூக்கின் இடைச்சுவரில் கீறப்பட்ட இடத்திலிருந்து கசிந்த குருதி மூச்சுவழியை அடைத்ததால் மூச்சுத்தடை உண்டானது எனப் பிணக்கூறாய்வு கூறியது. உரிய அளவுள்ள, காற்றுப்பை பொருத்திய மூச்சுக்குழாயை இடாததே தவறு என்பது மருத்துவ வல்லுநர் கருத்தின் அடிப்படையில் அமைந்த குற்றச்சாட்டு. ஒட்டறுவை மருத்துவர் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவில் வழக்குத் தொடரப்பட்டது.

காற்றுப்பை பொருத்திய குழாயைத் தேர்ந்து இடுதல் பொதுவாக மயக்கவியல் மருத்துவரின் பணி. குருதி கசியும் களம் அறுவை மருத்துவருடையது. அறுவையைத் தொடங்குமுன் குழாய் பாதுகாப்பாக உள்ளதா என்று கேட்கும் கடமை அறுவை மருத்துவருக்கு உண்டா? உண்டெனில் 'பாதுகாப்பாக உள்ளது' என்னும் சொல்லை அவர் நம்பலாமா? 2004 ஆகஸ்ட் 4 அன்று வந்த தீர்ப்பு இவ்வினாக்களைத் தீர்க்கவில்லை. குழாய் இடாதது உரிய கவனமின்மைதான், அதற்காக உரிமையியல் பொறுப்பு எழலாம், ஆனால் குற்றவியல் தண்டனைக்குரிய கடும் கவனக்குறைவோ பொருட்படுத்தாத் துணிவோ இல்லை என்று கூறி, அம்மருத்துவர் மீதான குற்ற நடவடிக்கையை நீதிமன்றம் நீக்கியது. தீர்ப்பு அளந்தது கவனக்குறைவின் அளவை. அதன் பங்கீட்டை அன்று.

அத்தீர்ப்பில் மேற்கோளாக எடுத்தாளப்பட்ட இங்கிலாந்தின் அடோமாகோ வழக்கும் மூச்சுவழி பற்றியதே. 1987இல் கண் அறுவை ஒன்றின்போது நோயாளியின் குழாய் இணைப்பு ஏறத்தாழ 11.05 மணிக்குக் கழன்றது, 11.14 மணிக்கு இதயம் நின்றது. இடைப்பட்ட ஒன்பது நிமிடங்களில் மயக்கவியல் மருத்துவர் இணைப்பைச் சோதிக்கவில்லை. 1994இல் பிரபுக்கள் அவை அவருக்கு விதிக்கப்பட்ட கொலையல்லா மரணக் குற்றத் தண்டனையை உறுதிசெய்தது. கண் அறுவையில் நோயாளியின் தலைப்பகுதி அறுவைத் துணியால் மூடப்பட்டிருக்கும். மயக்கவியல் மருத்துவருக்கு எளிதில் எட்டாது. ஆயினும் அவ்வழக்கில் பொறுப்பின் எல்லை ஐயமற்றது. அறுவைக் களம் கண். குழாய் முழுவதும் ஒருவரின் காவலில் இருந்தது. தில்லி வழக்கில் அத்தகைய தெளிவு இல்லை. இவ்வேறுபாட்டுக்கு உரிய கவனம் தரப்படாமல், 'கடும் கவனக்குறைவு' என்னும் அளவுகோல் மட்டும் இங்கு எடுத்தாளப்பட்டது எனலாம்.

சுரேஷ் குப்தா தீர்ப்பின் மீது எழுந்த ஐயத்தால் சேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் அரசு வழக்கு மூவர் அமர்வுக்குச் சென்றது. இதுவும் மூச்சைச் சார்ந்ததே. 1995 பிப்ரவரியில் லூதியானாவில் உள்நோயாளி ஒருவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. மருத்துவர் வரக் காலம் தாழ்ந்தது. இணைக்கப்பட்ட ஆக்சிசன் உருளை வெறுமையாக இருந்தது. மாற்று உருளையை உடனே இயக்க இயலவில்லை. 2005 ஆகஸ்ட் 5 அன்று நீதியரசர் ஆர். சி. லகோட்டி தலைமையிலான அமர்வு முந்தைய தீர்ப்பின் அடிப்படையை ஏற்று, மருத்துவர்கள் மீதான குற்ற வழக்கை நீக்கியது. வெற்று உருளைக்கு மருத்துவமனை உரிமையியல் சட்டத்தில் பொறுப்பாகலாம் என்றும், மருத்துவரைக் குற்றவியல் சட்டத்தில் நிறுத்த இயலாது என்றும் கருதியது. தனியார் முறையீட்டுக்கு மற்றொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்து வேண்டும், மருத்துவர்களை வழக்கமான முறையில் கைது செய்தல் கூடாது என்னும் நெறிகளும் இங்கு வகுக்கப்பட்டன.

இந்த இரு வழக்குகளையும் இணைத்து நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. மூச்சுவழித் தவறுகள் இயல்பாகவே பலர் சேர்ந்த ஏற்பாட்டின் குறையால் நேர்பவை. குற்றவியல் சட்டமோ ஒருவரை மட்டும் தனியே நிறுத்திப் பார்ப்பது. ஆகவே அவரிடம் போதிய குற்றம் காணாதபோது விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 106ஆம் பிரிவு, பிறருக்கு ஐந்து ஆண்டு வரையிலான சிறையும் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரையிலான சிறையும் வகுத்துள்ளது. அளவு பற்றிய சிந்தனை இங்கும் தொடர்கிறது. பங்கீடு பற்றிப் புதிதாக எதுவும் இல்லை.

கைமாறும் இடங்கள்

தீங்கு பெரும்பாலும் ஒருவரின் கைக்குள் அன்றி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இடத்தில் நேர்கிறது என்பதை மூன்று வழக்குகள் காட்டுகின்றன.

முதலாவது, ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை எதிர் ஹர்ஜோல் அலுவாலியா வழக்கு. 1993 திசம்பரில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட சிறுவனுக்குச் செவிலியர் தவறான ஊசி மருந்தைச் செலுத்தினார். சிறுவன் உடனே மயங்கி விழ, மயக்கவியல் மருத்துவர் வரவழைக்கப்பட்டுச் செயற்கைச் சுவாசம் அளித்தார். உயிர் மீண்டது, மூளைச் சேதம் மீளவில்லை. தாமே செய்ய வேண்டியதைச் செவிலியரிடம் ஒப்படைத்த மருத்துவரும், செவிலியரும், மருத்துவமனையும் பொறுப்பாளிகள் என 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிறுவனுக்கு 12.5 இலட்சமும் பெற்றோருக்கு 5 இலட்சமும் இழப்பீடு உறுதியாயின. பணியை ஒப்படைப்பதே கவனக்குறைவு ஆகலாம் என்பது இதன் பாடம்.

இரண்டாவது, ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் எதிர் பிரசாந்த் தனங்கா வழக்கு. 1990இல் மார்புக்கூட்டில் இருந்த கட்டியை அகற்றும் அறுவையில் நரம்பியல் அறுவை மருத்துவர் இடம்பெறவில்லை. இளைஞர் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். 2009இல் ஒரு கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. இது மூச்சுவழி வழக்கு அன்று. எனினும் உடனிருக்க வேண்டிய துறையை அழைக்காமை தவறு என்னும் கருத்து, மூச்சுவழி கடினம் என்று முன்கூட்டியே தெரிந்தும் காது மூக்கு தொண்டை மருத்துவரை அழைக்காத சூழலுக்கும் பொருந்தும்.

மூன்றாவது தமிழகத்தைச் சேர்ந்தது: வி. கிருஷ்ணகுமார் எதிர் தமிழ்நாடு அரசு. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஆக்சிசன் அளிக்கப்பட்டது. குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிசன் அளிக்கும்போது விழித்திரை பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. ஆகவே குறித்த வாரங்களுக்குள் கண் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அப்பரிசோதனை செய்யப்படவில்லை, பெற்றோருக்கும் சொல்லப்படவில்லை. குழந்தை பார்வையிழந்தது. தேசிய ஆணையம் வழங்கிய 5 இலட்சத்தை உயர்த்தி, 2015 சூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்க ஆணையிட்டது. மூச்சுக்கு உதவிய துறை தன் பணியைச் செய்தது. கண்ணைக் காக்கும் துறைக்குச் செய்தி செல்லவில்லை.

இங்கிலாந்தில் இதே நோய் குறித்து எழுந்த வில்ஷர் வழக்கு மாறான முடிவை அடைந்தது. குழாய் தவறான குருதிக்குழாயில் இடப்பட்டதால் குழந்தைக்கு மிகுந்த ஆக்சிசன் சென்றது. 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவக் குழு முழுமைக்கும் பொதுவான ஒரு தர அளவு உண்டு என்ற வாதத்தை ஏற்கவில்லை. 1988இல் பிரபுக்கள் அவை, பார்வையிழப்புக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்று கூறி மறுவிசாரணைக்கு அனுப்பியது. எழும்பூர் வழக்கிலோ வினா மிகுதியான ஆக்சிசன் பற்றியதாக அன்றி, செய்யப்படாத பரிசோதனை பற்றியதாக அமைந்தது. அதனால் காரண விவாதம் சுருங்கியது. கைமாறும் இடத்தில் நேர்ந்த குறை வெளிப்பட்டது.

நிறுவனத்தை நோக்கி நகர்ந்த பொறுப்பு

எந்த மருத்துவர் தவறினார் என்று நோயாளியால் சொல்ல இயலாது. மயக்கத்தில் இருந்தவருக்கு அரங்கில் நடந்தது தெரியாது. வெளியே காத்திருந்த உறவினருக்கும் தெரியாது. இவ்வுண்மையை ஏற்றுச் சட்டத்தை மாற்றியமைத்தது சவிதா கார்க் எதிர் தேசிய இதய நிறுவன இயக்குநர் வழக்கு. சிகிச்சையளித்த மருத்துவர்களைத் தனித்தனியே எதிர்த்தரப்பினராகச் சேர்க்கவில்லை என்பதற்காகத் தேசிய ஆணையம் முறையீட்டைத் தள்ளியது. 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. மருத்துவர் நிலையான ஊழியராயினும் அழைப்பில் வருபவராயினும் மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டும்; கவனக்குறைவு இல்லை என்று காட்டும் சுமையும் மருத்துவமனையையே சாரும் என்றது. 1996இல் அச்சுதராவ் கோட்வா வழக்கில் அரசு மருத்துவமனைக்கு இதே கருத்து முன்னரே பொருத்தப்பட்டிருந்தது.

நோயாளியின் பக்கம் இது பெரும் காப்பு. மருத்துவர்களுக்குள் எழும் பழிமாற்றத்துக்கு நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மற்றொரு விளைவும் உண்டு. நிறுவனம் இழப்பீட்டைச் செலுத்தியதும் உள்ளே என்ன நடந்தது என்ற வினாவின் அவசரம் தணிந்துவிடுகிறது. கொல்கத்தாவில் அளிக்கப்பட்ட சிகிச்சையைத் தொடர்ந்து மும்பையில் நேர்ந்த மரணம் ஒன்று பற்றிய மலய் குமார் கங்குலி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழிபோட்டதைக் கண்டித்தது. பலரின் சிறு தவறுகள் சேர்ந்த விளைவு என்பதால் குற்றவியல் பொறுப்பை எவர் மீதும் சுமத்தாமல், உரிமையியல் பொறுப்பை நிலைநாட்டியது. 2013இல் இழப்பீடு ஏறத்தாழ 6 கோடி ரூபாயாக வரையறுக்கப்பட்டபோது இரு மருத்துவர்கள் தலா 10 இலட்சமும் ஒருவர் 5 இலட்சமும் தர, எஞ்சியதை மருத்துவமனை தர வேண்டியதாயிற்று. பங்கீட்டை எண்களில் வெளிப்படையாகக் காட்டிய அரிய தீர்ப்பு இது.

நெறிமுறையும் பதிவேடும்

அனைத்திந்தியக் கடின மூச்சுவழிச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவ்வரலாற்றில் புதிய கட்டம். குழாய் இடும் முயற்சிக்கு எல்லை வகுத்து, முயற்சிகள் பலனளிக்காதபோது உதவிக்கு அழைக்கவும், மூச்சளிப்பு முற்றிலும் இயலாதபோது கழுத்தின் முன்புறம் துளையிட்டு மூச்சுவழி அமைக்கவும் அவை படிநிலைகளைக் கூறுகின்றன. மருத்துவ உலகின் ஏற்கப்பட்ட நடைமுறை எது என்பதே கவனக்குறைவுக்கான அளவுகோல் ஆதலால், இத்தகைய நெறிகள் வழக்குகளில் வாதத்துக்குரிய சான்றாக வந்துசேரும். 'அழைத்தாரா, எப்போது அழைத்தார்' என்ற வினாவுக்கு இனி ஓர் ஒப்பீட்டுப் புள்ளி உண்டு.

ஆனால் நெறிக்கு இணங்க நடந்ததைக் காட்டப் பதிவு வேண்டும். எரியோடு வட்டார மக்கள் நாடும் சிறு நகரத் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் மயக்கவியல் மருத்துவர் நிலையான பணியாளர் அல்லர். அழைத்தபோது வந்து, அறுவை முடிந்ததும் அடுத்த மருத்துவமனைக்குச் செல்பவர். நோயாளி முழு நினைவுக்கு வந்தாரா, குழாய் எப்போது எடுக்கப்பட்டது, அதன்பின் மூச்சைக் கவனிக்க யாரிடம் ஒப்படைக்கப்பட்டார் ஆகியவை நேரத்துடன் எழுதப்பட்டால் மட்டுமே பிற்காலத்தில் விடை கிடைக்கும். சவிதா கார்க் தீர்ப்பு மருத்துவமனையைப் பொறுப்பாக்கிவிட்டது. அப்பொறுப்பை உள்ளே யார் எவ்வளவு சுமப்பது என்பதை மயக்கப் பதிவேட்டின் சில வரிகளே தீர்மானிக்கின்றன. அடோமாகோ வழக்கில் 11.05, 11.14 என்னும் இரு நேரக் குறிப்புகள் தந்த தெளிவை இங்கு நினைவுகூரலாம்.

முடிவுரை

1968இல் ஒற்றை மருத்துவரின் கடமையாகத் தொடங்கிய இந்திய மருத்துவப் பொறுப்புச் சட்டம், 1995க்குப் பின் நிறுவனத்தின் பொறுப்பாக விரிந்தது. குற்றவியல் சட்டம் 2004, 2005ஆம் ஆண்டுத் தீர்ப்புகளால் மருத்துவரைக் காக்கும் அளவுகோலை அமைத்துக்கொண்டது. மூச்சுவழி சார்ந்த வழக்குகள் இவ்விரு போக்குகளிலும் திருப்புமுனையாக இருந்துள்ளன. ஆயினும் குழாய் இடுபவருக்கும் கத்தி பிடிப்பவருக்கும் இடையே கடமை எங்கே பிரிகிறது, எங்கே ஒன்றுபடுகிறது என்பதை இங்கு ஆராயப்பட்ட தீர்ப்புகளில் எதுவும் நேரடியாக வரையறுக்கவில்லை.

இந்த இடைவெளியின் சுமையை நோயாளியும், குற்றமற்ற மருத்துவரும் ஒருங்கே சுமக்கின்றனர். நோயாளியின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கலாம், உண்மை கிடைப்பதில்லை. தம் பங்கைச் சரியாகச் செய்த மருத்துவர், அதனைக் காட்டும் பதிவு இல்லாததால் மற்றவருடன் சேர்ந்தே ஐயத்துக்கு ஆளாகிறார். அறுவைக்கு முன் மூச்சுவழித் திட்டத்தை இரு துறையினரும் சேர்ந்து எழுதிக் கையொப்பமிடுதலும், ஒப்படைப்பை நேரத்துடன் பதிதலும் பெருஞ்செலவு வேண்டாத நடைமுறைகள். பெருநகர மருத்துவமனைக்கு இவை ஒழுங்கு; வருகை மருத்துவரை நம்பியிருக்கும் சிறு நகரத்துக்கு இவையே காப்பு. மாவட்ட நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகளை இந்நோக்கில் தொகுத்து ஆராய்வது அடுத்த நிலை ஆய்வுக்குரிய களமாக அமையும்.